மழை இறங்காத மண்

சஹாரா பாலைவனத்தின் தெற்கு விளிம்பில் கிடக்கும், மேற்கு ஆப்பிரிக்காவின் சஹேல் பகுதியை ஆய்ந்த நீரியலாளர்களை ஒரு கணக்கு நெடுநாள் குழப்பியது. 1968 தொடங்கி அங்கே மழை வெகுவாகக் குறைந்தது. 1973இலும் 1984இலும் பஞ்சம் உச்சத்தில் இருந்தது. ஆடுமாடுகள் மந்தை மந்தையாகச் செத்தன, ஊர்கள் காலியாயின. மழை குறைந்தால் ஆற்றில் தண்ணீரும் குறைய வேண்டும். தெற்கே, மழை மிகுந்த பகுதிகளில் ஓடும் ஆறுகளில் அப்படித்தான் குறைந்தது. ஆனால் நைஜர், புர்கினா ஃபாசோ நாடுகளின் வறண்ட பகுதிகளில் உள்ள சிற்றாறுகளில் வெள்ளம் கூடியது. மாலியில் சில குட்டைகள், மழை குறைந்த பிறகு, முன்னைவிடப் பெரிதாக விரிந்தன. இதற்கு 'சஹேல் புதிர்' என்றே பெயர் வைத்தார்கள்.

விடை தரையிலேயே கிடந்தது. மரமும் புல்லும் போன வெற்று நிலத்தில் மழைத்துளி நேராக வந்து அறைகிறது. அறை வாங்கிய மண்கட்டி உடைந்து, அதிலிருக்கும் நுண்துகள்கள் மண்ணின் துளைகளை அடைத்துக்கொள்கின்றன. மழை நின்று வெயில் அடித்ததும் மேலே பொருக்கு தட்டிவிடுகிறது. அடுத்த மழை அந்தப் பொருக்கின் மேல் விழுந்து, சிமென்ட் தளத்தில் விழுந்ததுபோல வழிந்து ஓடிவிடுகிறது. ஓடும்போது மிச்சமிருக்கும் மேல்மண்ணையும் அள்ளிக்கொண்டு போகிறது. அதனால்தான் மழை குறைந்தும் ஓடைகள் நிரம்பின. புர்கினா ஃபாசோவின் யாடெங்கா பகுதியில் வாழும் மோசி மக்கள் இப்படிப்பட்ட நிலத்தை 'ஸிபெலே' என்கிறார்கள். வெளுத்துப்போன, கல்லாய் இறுகிய, புல்கூட முளைக்காத தரை.

வறண்ட நிலங்களைப் பற்றிய பேச்சில் இந்தப் பொருக்குக்கு உரிய இடம் கிடைப்பதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. மழை பொய்த்தது, பாலைவனம் பரவியது என்று இரண்டே வரியில் கதையை முடித்துவிடுகிறோம். நடுவில் நடந்தது, பெய்த மழைக்கு மண்ணின் கதவு அடைபட்டது.

பாலைவனம் படையெடுத்து வருகிறது என்ற எண்ணத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1935இல் ஸ்டெப்பிங் என்ற பிரிட்டிஷ் வனத்துறை வல்லுநர் மேற்கு ஆப்பிரிக்காவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, சஹாரா தெற்கே நகர்கிறது என்று எச்சரித்தார். 1975இல் ஹியூ லாம்ப்ரே என்ற சூழலியலாளர், சூடானில் பாலைவன எல்லை ஆண்டுக்கு 5.5 கிலோமீட்டர் வேகத்தில் முன்னேறுகிறது என்று கணக்குச் சொன்னார். இந்த எண் உலகம் முழுவதும் மேடைகளில் முழங்கியது. ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1980களில் அதே சூடானில் தேடிப் பார்த்தபோது, அப்படி முன்னேறும் மணல் எல்லை எதுவும் தென்படவில்லை. செயற்கைக்கோள் படங்களிலும், மழை நல்ல ஆண்டில் பசுமை வடக்கே ஏறுவதும் மழை தப்பிய ஆண்டில் தெற்கே இறங்குவதும்தான் தெரிந்தது. நிலம் கெட்டது உண்மை. ஆனால் அது வெளியிலிருந்து வந்த மணலால் கெடவில்லை. ஊருக்குப் பக்கத்தில், கிணற்றடியில், பல ஆண்டுகள் தரிசு விடாமல் உழுத மேட்டில், இருந்த இடத்திலேயே திட்டுத் திட்டாகக் கெட்டது. நம் பழைய திணை மரபில் பாலைக்கென்று தனி நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுத் திரியும்போது பாலையாகின்றன என்றார்கள். 1994 ஜூன் 17 அன்று பாரிஸில் உருவான ஐ.நா. பாலைவனமாதல் தடுப்பு உடன்படிக்கையும் ஏறத்தாழ இதையேதான் சொல்கிறது: வறண்ட, அரை வறண்ட நிலங்களில் தட்பவெப்ப மாற்றத்தாலும் மனிதச் செயல்களாலும் நிலம் வளம் இழப்பதே பாலைவனமாதல்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? எதிரி வெளியிலிருந்து வருகிறான் என்றால் சுவர் எழுப்பலாம். காலடியிலேயே நோய் என்றால் ஒவ்வொரு வயலிலும் வைத்தியம் பார்க்க வேண்டும்.

அந்த வைத்தியத்துக்கு முதலில் மழையின் வரவு செலவைப் பார்க்கலாம். சஹேலின் மானாவாரி நிலங்களில் பெய்யும் 100 பங்கு மழையில் பயிர் வேரால் உறிஞ்சிப் பயன்படுத்துவது 15 முதல் 30 பங்குதான். 30 முதல் 50 பங்கு வெறும் மண்ணிலிருந்து ஆவியாகிறது. 10 முதல் 25 பங்கு வழிந்தோடுகிறது. மீதி வேருக்கு எட்டாத ஆழத்துக்குப் போய்விடுகிறது. அங்கே மழைக்காலம் ஜூன் முதல் செப்டம்பர் வரை மூன்று நான்கு மாதம். அதுவும் ஒரே சீராகப் பெய்யாது. சில பெருமழைகள், இடையே பதினைந்து இருபது நாள் வெயில். பயிர் கருகுவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். ஆண்டின் மொத்த மழை போதுமானதாக இருந்தும் கதிர் பால் பிடிக்கும் வாரத்தில் மண்ணில் ஈரம் இருக்காது. மழையைக் கூட்ட யாராலும் முடியாது. பயிருக்குப் போகும் பங்கைக் கூட்ட முடியும்.

இதை முதலில் செய்ய முயன்றது அரசு, புல்டோசர்களோடு. 1962 முதல் 1965 வரை யாடெங்காவில் 'ஜெரெஸ்' என்ற பெரிய திட்டம் நடந்தது. கனரக இயந்திரங்களைக் கொண்டு 1,20,000 ஹெக்டேரில் மண் வரப்புகள் போட்டார்கள். வரைபடத்தில் பார்த்தால் குறை சொல்ல முடியாத வேலை. ஆனால் அந்த நிலத்தில் உழுது வாழ்பவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேட்டிலிருந்து வரும் தண்ணீரை முழுக்கத் தடுத்துவிட்டது வரப்பு. ஆனால் அந்த மேட்டுத் தண்ணீர் தன் வயலில் பாய வேண்டும் என்பதுதானே வறண்ட நிலத்து விவசாயியின் ஆசை? வரப்புகளை யாரும் பராமரிக்கவில்லை. உடைந்த இடத்தில் தண்ணீர் குவிந்து பாய்ந்து புதிய ஓடைகளை அறுத்தது. சில ஆண்டுகளில் எல்லாம் கரைந்துபோயின.

கொத்தனார் டியூபும் கல் வரப்பும்

1979இல் ஆக்ஸ்ஃபாம் என்ற வறுமை ஒழிப்புத் தொண்டு அமைப்பு அதே யாடெங்காவில் ஒரு சிறு திட்டத்தைத் தொடங்கியது. நோக்கம் மரம் நடுவது. விவசாயிகள் அக்கறை காட்டவில்லை. வீட்டில் தானியம் இல்லாதபோது மரக்கன்றுக்குத் தண்ணீர் சுமக்க யாருக்கு மனம் வரும்? ஆனால் மரத்துக்காகத் தண்ணீரைத் தேக்கிய இடங்களில் பயிர் நன்றாக வருவதை அவர்கள் கவனித்தார்கள். திட்டக்காரர்கள் பிடிவாதம் பிடிக்காமல் தங்கள் நோக்கத்தையே மாற்றிக்கொண்டார்கள். இந்த மொத்தக் கதையில் நான் மிகவும் மதிக்கும் முடிவு அதுதான்.

வயலில் கற்களை வரிசையாக அடுக்கி வைப்பது மோசி விவசாயிகளுக்கு முன்பே தெரியும். ஆனால் யாடெங்காவின் நிலம் மிக லேசான சரிவு கொண்டது. எது சம உயரம் என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. கோடு கொஞ்சம் விலகினாலும் தண்ணீர் ஒரு மூலையில் குவிந்து உடைத்துக்கொண்டு போய்விடும். இதற்கு வந்த தீர்வு, நம் ஊரில் கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருக்கும் அதே தண்ணீர் டியூப். இரண்டு கம்புகள், நடுவே தண்ணீர் நிரப்பிய நீளமான பிளாஸ்டிக் குழாய். இரு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நின்றால் இரண்டு இடமும் ஒரே மட்டம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் ஓரிரு நாளில் கற்றுக்கொண்டார்கள்.

கல் வரப்பின் அருமை, அது தண்ணீரைத் தடுப்பதில்லை. வேகத்தைக் குறைத்து விரித்துவிடுகிறது. கற்களுக்கிடையே தண்ணீர் கசிந்து கீழ் வயலுக்கும் போகிறது. மேல் வயல்காரருக்கும் கீழ் வயல்காரருக்கும் சண்டை வருவதில்லை. ஓட்டம் தணிந்த இடத்தில் வண்டலும் சருகும் புல்விதையும் ஆட்டுப் புழுக்கையும் தங்குகின்றன. இரண்டு மூன்று மழைக்காலத்தில் வரப்போரம் புல் கட்டிவிடும். ஜெரெஸ் திட்டத்தின் மண் வரப்புகள் தோற்ற அதே மண்ணில், இடுப்புயரம்கூட வேண்டாம், ஒரு சாண் உயரக் கல் வரிசை நின்று வேலை செய்தது.

குழியும் கறையானும்

கல் வரப்பு ஓடும் தண்ணீரை நிதானப்படுத்தும். ஆனால் ஸிபெலே நிலத்தில் பொருக்கு அப்படியேதானே இருக்கிறது? அதை உடைத்தது 'ஸாய்' எனப்படும் குழி. இதுவும் பழைய முறைதான். யாடெங்காவில் மிகக் கெட்டுப்போன சின்னத் துண்டு நிலங்களில் முன்பு சிறு குழிகள் எடுத்து விதைப்பது உண்டு. 1980களின் தொடக்கத்தில், பஞ்ச காலத்தில், வாஹிகூயா நகருக்கு அருகே கூர்கா என்ற ஊரைச் சேர்ந்த யாகூபா சவாடோகோ அந்தக் குழிகளை அகலமாகவும் ஆழமாகவும் வெட்டி, கோடையிலேயே அவற்றில் எரு போட்டு வைத்தார். சந்தையில் வியாபாரம் செய்துகொண்டிருந்தவர் அதை விட்டுவிட்டு மண்ணுக்குத் திரும்பியிருந்தார். ஊரார் அவரைப் பித்தன் என்றார்கள். அவருடைய நிலத்துக்குத் தீ வைத்ததும் நடந்தது.

குழி ஒரு முழத்துக்கும் குறைவான அகலம், ஒரு சாணுக்குள் ஆழம். ஒரு ஹெக்டேரில், அதாவது சுமார் இரண்டரை ஏக்கரில், 12,000 முதல் 25,000 குழிகள். ஜூன் மழைக்கு முன்பே, தரை கல்லாய் இறுகியிருக்கும் வெயில் காலத்திலேயே, இவை வெட்டப்பட வேண்டும். கையில் இருப்பது மண்வெட்டி மட்டும். எடுத்த மண்ணைக் குழியின் தாழ்வான பக்கத்தில் பிறை போலக் கூட்டி வைப்பார்கள். அப்புறம் ஒவ்வொரு குழியிலும் ஓரிரு கைப்பிடி தொழு உரம்.

இனி நடப்பது கவனிக்க வேண்டியது. கோடைக் காற்று கொண்டுவரும் தூசியும் சருகும் குழியில் தங்குகின்றன. எரு வாசனைக்குக் கறையான் வருகிறது. நம் வீட்டில் கறையான் என்றால் பதறுகிறோம். அங்கே அதுதான் கூலி கேட்காத உழவன். எருவைத் தின்ன வரும் கறையான், பொருக்குக்கு அடியில் நூற்றுக்கணக்கான சுரங்கங்களைத் தோண்டுகிறது. முதல் மழை பெய்ததும் தண்ணீர் அந்தத் துளைகள் வழியே ஆழத்துக்கு இறங்குகிறது. குழிகளுக்கு நடுவே உள்ள தரை இன்னும் இறுகித்தான் இருக்கும். அதுவும் நல்லதாகப் போகிறது, ஏனென்றால் அங்கே விழும் மழை வழிந்து வந்து குழியில்தான் சேர வேண்டும். நிலத்தைக் கெடுத்த அதே பொருக்கு இப்போது ஒவ்வொரு குழிக்கும் நீர்ப்பிடிப்புப் பகுதி. வழக்கமான விதைப்புக்கு முதல் நல்ல மழைக்குக் காத்திருக்க வேண்டும். குழிக்காரர் மழைக்கு முன்பே கம்பையோ சோளத்தையோ ஊன்றிவிடலாம். நடுவில் மழை இரண்டு வாரம் தவறினாலும் குழியின் அடியில் ஈரம் நிற்கிறது.

ஒன்றுமே விளையாத அந்த ஸிபெலே தரையில், மழை குறைந்த ஆண்டிலும் ஹெக்டேருக்கு 300 முதல் 400 கிலோ தானியம் கிடைத்தது. நல்ல ஆண்டில் 1,500 கிலோ வரை போனது. எருவில் கலந்திருந்த விதைகளிலிருந்து குழிகளில் மரக்கன்றுகளும் முளைத்தன. யாகூபா அவற்றைப் பிடுங்காமல் விட்டார். பின்னாளில் தானே விதைகளைத் தேடிக் கொண்டுவந்தும் போட்டார். சுமார் 40 ஹெக்டேரில் 60க்கும் மேற்பட்ட இன மரங்களும் செடிகளும் கொண்ட காடு அப்படித்தான் வந்தது. 1984 முதல் தன் ஊரில் ஸாய் சந்தை நாள் நடத்தி, சுற்று வட்டார விவசாயிகளை வரவழைத்து விதைகளையும் அனுபவத்தையும் பகிர்ந்தார். 2018இல் அவருக்கு, 'மாற்று நோபல்' என்று சொல்லப்படும் ரைட் லைவ்லிஹூட் விருது கிடைத்தது.

இதில் எரு இல்லாவிட்டால் குழியால் பெரிய பயனில்லை. வறண்ட நிலத்தில் தண்ணீர்தான் பற்றாக்குறை என்று நினைப்போம்; சஹேல் மண்ணில் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) மிகக் குறைவு. ஈரம் இருந்தும் வேர் வளரச் சத்து இல்லையென்றால் அந்த ஈரம் ஆவியாகத்தான் போகும். ஹைதராபாத் அருகே பட்டஞ்சேருவில் தலைமையகம் கொண்ட இக்ரிசாட் என்ற சர்வதேச மானாவாரிப் பயிர் ஆய்வு நிறுவனம், நைஜரில் உள்ள தன் ஆய்வு நிலையத்தின் வழியாக ஓர் எளிய முறையைப் பரப்பியது. குளிர்பானப் புட்டி மூடியில் அளந்து, ஒரு குத்துக்கு ஒரு மூடி உரம், விதையோடு சேர்த்து. வயல் முழுக்க வீசுவதற்கு வசதியில்லாத விவசாயிக்கு இது கட்டுப்படியானது. எருவுக்கு வேறொரு பழைய ஏற்பாடும் உண்டு. ஃபுலானி மேய்ப்பர்கள் அறுவடைக்குப் பின் தங்கள் மாடுகளை வயலில் அடைப்பார்கள். வயல்காரர் தானியம் கொடுப்பார். நம் பக்கத்தில் கிடை போடுவதை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1989இல் நைஜரின் இலேலா வட்டாரத்திலிருந்து 13 விவசாயிகள் யாடெங்காவுக்கு வந்து பார்த்தார்கள். திரும்பிப் போனதும் சிலர் தங்கள் நிலத்தில் வெட்டிப் பார்த்தார்கள். அங்கே இதற்குப் பெயர் 'தஸ்ஸா'. அடுத்த ஆண்டே, 1990இல், வறட்சி வந்தது. வட்டாரத்தில் சொல்லிக்கொள்ளும்படி விளைந்தது தஸ்ஸா வெட்டிய வயல்களில்தான். அதன் பிறகு யாரும் பிரசாரம் செய்ய வேண்டியிருக்கவில்லை. கெட்டுக் கிடந்த நிலத்துக்கு விலை ஏறியது. இன்னும் வறண்ட பகுதிகளில் அரைவட்டக் கரைகள் போட்டார்கள். நான்கு மீட்டர் அகல அரைநிலா, வாய் மேட்டைப் பார்த்து. ஆனால் எல்லா மண்ணுக்கும் எல்லாம் பொருந்தாது. மணற்பாங்கான இடத்தில் குழி சரிந்துவிடும். மழை 800 மில்லிமீட்டரைத் தாண்டும் இடத்தில் குழியில் தண்ணீர் தேங்கிப் பயிர் அழுகிவிடும்.

மரம் யாருடையது

நைஜரின் தெற்கே, மராடி பகுதியில், டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலியர் 1980களின் தொடக்கத்தில் ஒரு கிறித்தவச் சேவை அமைப்புக்காக மரம் நட்டுக்கொண்டிருந்தார். நட்டவற்றில் பெரும்பாலானவை செத்தன. 1983இல் ஒரு நாள், மணல் பாதையில் வண்டிச் சக்கரத்தின் காற்றைக் குறைக்க இறங்கியவர், பக்கத்தில் இருந்த புதர் ஒன்றை உற்றுப் பார்த்தார். அது புதர் இல்லை. வெட்டப்பட்ட மரத்தின் அடிக்கட்டையில் வந்த துளிர். வயல் முழுக்க அப்படிப்பட்ட அடிக்கட்டைகள், அடியில் உயிருள்ள வேர்கள். ஆண்டுதோறும் விவசாயிகள் அந்தத் துளிர்களை வெட்டிக்கொண்டே இருந்தார்கள். நாற்றங்கால் தேவையில்லை, நல்ல துளிராக இரண்டு மூன்றை விட்டு மற்றதைக் கழித்தால் போதும்.

ஏன் அதுவரை யாரும் விடவில்லை? அறியாமை ஒரு பகுதிதான். பிரெஞ்சு ஆட்சிக் காலத்துச் சட்டம் மரங்களை அரசின் சொத்தாக்கியிருந்தது. தன் வயலில் தானே வளர்த்த மரத்தின் கிளையை வெட்டினாலும் வனக்காவலர் அபராதம் போடலாம். அப்படியானால் மரம் வளர விடுவது வம்பை விலைக்கு வாங்குவது. முளையிலேயே வெட்டுவதுதான் புத்திசாலித்தனம். 1980களின் நடுவிலிருந்து வனத்துறையின் பிடி தளர்ந்தது. விவசாயிகள் தாங்கள் காத்த மரத்தைத் தங்களுடையதாக நடத்தத் தொடங்கினார்கள். 2000களின் நடுவில் வான்படங்களையும் செயற்கைக்கோள் படங்களையும் ஒப்பிட்ட ஆய்வாளர்கள், தெற்கு நைஜரில் சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் இப்படி மரங்கள் திரும்பியிருப்பதைக் கண்டார்கள். 20 கோடி மரங்கள் என்று மதிப்பிட்டார்கள். நட்டவை மிகச் சில. அவற்றில் பல, அங்கே 'காவோ' எனப்படும் வேல இனத்து மரம். மழைக்காலத்தில் இலையை உதிர்த்துப் பயிருக்கு வெளிச்சம் விட்டு, கோடையில் தழைத்து மாட்டுக்குத் தீனி தரும் விந்தையான மரம்.

ஆப்பிரிக்க ஒன்றியம் 2007இல் அறிவித்த 'பெரும் பசுமைச் சுவர்' திட்டம் முதலில் 8,000 கிலோமீட்டர் நீளத்துக்கு மர வரிசை நடுவதாகவே பேசப்பட்டது. ஆளில்லாத இடத்தில் நட்ட கன்றை யார் காப்பது? இப்போது அந்தத் திட்டமே வயல், மேய்ச்சல் நிலம், மறுதுளிர் மரம், கல் வரப்பு எல்லாம் கலந்த ஒன்றாக மாறியிருக்கிறது. பெயரில் மட்டும் சுவர் இருக்கிறது.

நமக்கும் இந்த மண்ணுக்கும் உள்ள உறவு வெறும் ஒப்புமை இல்லை. நம் கம்பு பிறந்த இடம் அது. இன்றைய மாலியின் வடபகுதியில் சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன் பயிராக்கப்பட்டு, பிறகு இந்தியாவுக்கு வந்தது. இஸ்ரோ 2021இல் வெளியிட்ட நிலவரைபடத் தொகுப்பின்படி இந்தியாவில் 9.785 கோடி ஹெக்டேர், நாட்டின் பரப்பில் 29.77 சதவீதம், வளம் குன்றிய நிலம். அதற்கு முதல் காரணம் நீர் அரிப்பு, அதாவது இறங்காமல் ஓடும் மழை. 'கோடை உழவு கோடி நன்மை' என்ற நம் சொலவடையும், மழைக்கு முன்பே மண்ணைத் திறந்து வை என்றுதான் சொல்கிறது.

சஹேலில் எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ணிவிட வேண்டாம். புர்கினாவின் நடுப்பீடபூமியில் 2 முதல் 3 லட்சம் ஹெக்டேர் மீட்கப்பட்டது என்பது பெரிய காரியம். அதைச் செய்யத் தேவைப்பட்ட உழைப்பும் பெரியது. பக்கத்தில் கல் கிடைக்காத ஊருக்கு லாரி வேண்டும். மாடில்லாத வீட்டுக்கு எரு கிடையாது. ஆகவே முதலில் பயனடைந்தது ஆள்பலமும் கால்நடையும் உள்ள குடும்பங்கள்தான். நிலம் வளமானதும் அதன்மேல் உரிமை கோரி வருபவர்களும் உண்டு. யாகூபாவின் காட்டின் ஒரு பகுதியையே வாஹிகூயா நகர விரிவாக்கம் வீட்டுமனைகளாகக் கேட்டது.

கடந்த சில ஆண்டுகளாக ஆயுதக் குழுக்களின் வன்முறை புர்கினாவின் வடக்கைச் சூறையாடுகிறது. 2023இல் அந்த நாட்டில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஊரைவிட்டு இடம்பெயர்ந்திருந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் யாகூபா காலமானார். ஆளில்லாத வயலில் கல் வரப்பு கிடந்த இடத்திலேயே கிடக்கும். மரமும் வெட்டுப்படாத வரை நிற்கும். குழிகள் அப்படியல்ல, சில மழைக்காலங்களில் வண்டல் நிரம்பித் தூர்ந்துவிடும். ஊர் திரும்பும் குடும்பங்கள், அடுத்த ஜூனுக்கு முன் அவற்றை முதலிலிருந்து வெட்டியாக வேண்டும்.